தூரம் போகும் தண்ணீர்

சித்ரா பௌர்ணமியன்று மதுரையில் கள்ளழகர் தங்கக் குதிரையில் ஏறி வைகையில் இறங்குகிறார். அழகர்கோவிலிலிருந்து சித்திரை வெயிலில் வந்த சாமியின் சூடு தணிய வேண்டும் என்று, கருப்பசாமி வேடமிட்ட பக்தர்கள் அவர்மீது தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். ராமராயர் மண்டபத்தில் நடக்கும் தீர்த்தவாரியில் இந்தக் காட்சியைக் காண லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். ஆட்டுத்தோலில் தைத்த ஒரு பை, அதன் வாயில் ஒரு சின்னக் குழாய், பையை அழுத்த இரண்டு கை. இதைத் தோப்பறை என்றும் துருத்தி என்றும் சொல்வார்கள். நேர்த்திக்கடனுக்கு இது போதும்.

அண்மை ஆண்டுகளில் சிலருக்கு இது போதவில்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து சாமிவரை தண்ணீர் எட்ட வேண்டும் என்று, உயர் அழுத்தப் பம்புகளைக் கொண்டு பீய்ச்சத் தொடங்கினார்கள். தாரையின் வேகம் கூடியது. அர்ச்சகர்கள், சுற்றியிருந்த பக்தர்கள், சாமியின் அலங்காரம் என எல்லாவற்றின் மீதும் அது ஓங்கி அடித்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பழைய முறைப்படி தோல் பையால்தான் பீய்ச்ச வேண்டும், உயர் அழுத்தப் பம்பு கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது.

அந்தப் பக்தர்களின் ஆசையும் திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலின் தெருவில் பிளாஸ்டிக் தண்ணீர்த் துப்பாக்கியோடு ஓடும் ஒரு சிறுவனின் ஆசையும் ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் அழுத்தத்தைக் கூட்டு என்பதே. இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி, தண்ணீர் வெளியே வரும் மூக்கிலும் அதன் எதிரே நிற்கும் காற்றிலும் இருக்கிறது. அந்த மீதியைப் புரிந்துகொண்டால், திருவிழாக் கடையில் வாங்கிய சாதாரணத் துப்பாக்கியைக்கூட நம் கையாலேயே மேம்படுத்தலாம்.

மேல்தொட்டிக் கணக்கு

முதலில் அழுத்தம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், வீட்டு மேல்தொட்டி போதும். வேங்கிக்காலில் ஒரு மாடி வீடு. மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம், வாசல் குழாயிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாயில் தண்ணீர் அதிகபட்சம் என்ன வேகத்தில் வரும்?

இதற்கு விடை சொன்னவர் இத்தாலியின் தொரிசெல்லி. கலிலியோவின் கடைசிக் காலத்தில் அவரோடு இருந்து பணியாற்றியவர். 1644-இல் வெளியான தன் நூலில் அவர் காட்டியது இது: தொட்டியின் துளையிலிருந்து வரும் தண்ணீரின் வேகம், அதே உயரத்திலிருந்து தடையின்றி விழும் ஒரு பொருள் அடையும் வேகத்துக்குச் சமம். 6 மீட்டருக்கு அது வினாடிக்கு சுமார் 11 மீட்டர்.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், தாரை 45 பாகைச் சாய்வில் போகும்போது எட்டும் தூரம் நீர்மட்ட உயரத்தைப் போல இரண்டு மடங்கு. 6 மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் தூரம். எந்தத் தண்ணீர்த் துப்பாக்கியையும் இந்த அளவுகோலால் அளக்கலாம். ஏனென்றால் அழுத்தம் என்பது மாறுவேடத்தில் இருக்கும் உயரமே. 1 பார் அழுத்தம் சுமார் 10 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமம். ஆகவே 1 பார் அழுத்தத்துக்கு, காற்றில்லாத கணக்கில், 20 மீட்டர் தூரம்.

செடிக்குத் தண்ணீர் விடும்போது ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரம் போகிறது. விரல் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டியின் உயரம் தந்த அழுத்தத்துக்கு மேல் விரலால் ஒரு துளிகூடக் கூட்ட முடியாது. வாய் முழுக்கத் திறந்திருக்கும்போது தண்ணீர் பைப்புக்குள்ளேயே வேகமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் பைப்பின் சுவரோடு உராய்ந்து அழுத்தத்தின் பெரும்பகுதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. வாயைக் குறுக்கினால் உள்ளே ஓட்டம் மெதுவாகிறது, உராய்வு குறைகிறது, மிச்சமான அழுத்தம் வாய்வரை வந்து வேகமாக மாறுகிறது. விரல் செய்தது வழிச் செலவைக் குறைத்ததுதான். துப்பாக்கியை மேம்படுத்த நினைப்பவர் இந்தப் பாடத்தை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும்.

கையும் விரலும்

தோப்பறைக்கு வருவோம். பையின் மீது 20 கிலோ எடையளவு விசையோடு ஒருவர் அழுத்துகிறார். இரண்டு உள்ளங்கையும் பையில் படும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 0.1 பார், அதாவது 1 மீட்டர் நீர் உயரம். தூரம் 2 மீட்டர். இன்னும் ஓங்கி அழுத்தினால் 3 மீட்டர், 4 மீட்டர் போகலாம். பரப்பு பெரிதாக இருப்பதால் அழுத்தம் குறைவாகவே கிடைக்கிறது. பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் பட்டாலும் காயம் வராததற்கு இந்தக் குறைந்த அழுத்தமே காரணம்.

விசைவில்லை விரலால் இழுத்துச் சுடும் சின்னத் துப்பாக்கி வேறு வகை. அதன் உள்ளே 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன் இருக்கும். விரலின் விசை சிறிய பரப்பில் விழுவதால் அங்கே அழுத்தம் எளிதாக உயரும். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு முறை விரலை இழுக்கும்போது பிஸ்டன் ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்து, 1 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைத் தள்ளும். அதை 0.2 வினாடியில் செய்தால், 1 மில்லிமீட்டர் மூக்கில் தண்ணீரின் வேகம் வினாடிக்கு 7.5 மீட்டர். தூரம், காற்றில்லாமலே, 6 மீட்டருக்குள். இங்கே எல்லையை வகுப்பது விரலின் பலம் இல்லை, அதன் வேகம்.

இதைக் கண்டுகொண்ட சிறுவன் அடுத்து ஒன்று செய்வான். மூக்கை இன்னும் சின்னதாக்குவான். துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்வாசியாகும், அதே விரல் வேகத்துக்குத் தண்ணீர் நான்கு மடங்கு வேகத்தில் வரும். வினாடிக்கு 30 மீட்டர். தொரிசெல்லியின் கணக்கில் தூரம் 90 மீட்டரைத் தாண்டும். செய்து பார்த்தால் கிடைப்பது ஒரு புகைபோன்ற தூறல். சில மீட்டரிலேயே அது காற்றில் கரைந்துவிடும். 90 மீட்டர் எங்கே போயிற்று?

காற்றின் குறுக்கே

தண்ணீர்த் தாரை கண்ணுக்கு ஒரே கம்பிபோலத் தெரிந்தாலும் அது நெடுநேரம் கம்பியாக இருக்க முடியாது. பிரான்சின் சவார் 1833-இல் தாரை துளிகளாக உடைவதை விரிவாக ஆராய்ந்தார். பெல்ஜியத்தின் பிளேட்டோ 1873-இல் அதற்கான காரணத்தை வகுத்தார். நீரின் பரப்பு இழுவிசை எப்போதும் பரப்பைச் சுருக்கவே பார்க்கும். ஒரே அளவு தண்ணீர், கம்பியாக இருப்பதைவிடத் துளிகளாக இருந்தால் பரப்பு குறைவு. எனவே தாரையில் விழும் ஒரு சிறு நெளிவு வளர்ந்து, கழுத்து மெலிந்து, அறுந்து துளியாகிறது. இங்கிலாந்தின் ரேலே 1878-இல் இதைக் கணக்காக்கினார். அவர் கணக்குப்படி பிறக்கும் துளியின் விட்டம், தாரையின் விட்டத்தைப் போல ஏறக்குறைய 1.9 மடங்கு. அரை மில்லிமீட்டர் மூக்கு 1 மில்லிமீட்டர் துளியைத் தரும். 2 மில்லிமீட்டர் மூக்கு 4 மில்லிமீட்டர் துளியைத் தரும்.

துளியான பிறகு காற்று தன் வேலையைக் காட்டுகிறது. மழைத்துளிகளை அளந்தவர்கள் கண்டது இது: 1 மில்லிமீட்டர் துளி காற்றில் விழும்போது வினாடிக்கு 4 மீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. 4 மில்லிமீட்டர் துளி வினாடிக்கு 9 மீட்டர்வரை போகும். சின்னத் துளிக்கு எடையை ஒப்பிட்டால் பரப்பு அதிகம். காற்று பிடித்து நிறுத்துவது அந்தப் பரப்பைத்தான். கணக்குப் போட்டால், தாரையிலிருந்து பிரிந்த 1 மில்லிமீட்டர் துளி ஏறத்தாழ 1 மீட்டர் தூரத்திலேயே தன் வேகத்தில் பாதியை இழக்கும். 4 மில்லிமீட்டர் துளி பாதியை இழக்க ஐந்தரை மீட்டர் வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வேகம் கூடக் கூட, எதிர்க்காற்று தாரையின் மேற்பரப்பைக் கிழித்து மேலும் நுண்ணிய துளிகளாக்கும். சேர்த்த அழுத்தத்தின் பலன் தூரமாக மாறாமல் தூறலாக வீணாகும். பழங்காலத் தமிழருக்கும் தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டு தெரியும். பரிபாடலின் வையை நீராட்டில் சிவிறி வருகிறது. சிவிறியோ, பீச்சாங்குழலோ, இன்றைய பிளாஸ்டிக் துப்பாக்கியோ, எல்லாவற்றுக்கும் காற்றின் விதி ஒன்றே. தடித்து, கலையாமல் போகும் தண்ணீர்தான் தூரம் போகும்.

ஒரு பொறியாளரின் குளியலறை

தடித்த தாரை வேண்டுமானால் ஒரே நொடியில் நிறையத் தண்ணீர் வெளியேற வேண்டும். 1 மில்லிமீட்டர் மூக்கை 2 மில்லிமீட்டராக்கினால் அதே வேகத்துக்கு நான்கு மடங்கு தண்ணீர் தேவை. விரலால் அது ஆகாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்கப் பொறியாளர் லானி ஜான்சன்.

1949-இல் அலபாமாவின் மொபைல் நகரில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். விமானப்படையிலும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலும் பணியாற்றியவர். வியாழனுக்குச் சென்ற கலிலியோ விண்கலத் திட்டத்திலும் அவர் பங்கு உண்டு. 1982-இல், குளிரூட்டும் வேதிப்பொருளான ஃபிரியானுக்குப் பதிலாகத் தண்ணீரைக் கொண்டு இயங்கும் வெப்பப் பம்பு ஒன்றை அவர் வீட்டில் உருவாக்கிக்கொண்டிருந்தார். தான் செய்த ஒரு மூக்கைக் குளியலறைக் குழாயில் பொருத்தியபோது தண்ணீர் அறையின் குறுக்கே பலமான தாரையாகப் பாய்ந்தது. இதை விளையாட்டுப் பொருளாக்கலாம் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. 1986-இல் காப்புரிமை கிடைத்தது. பி.வி.சி. குழாய், அக்ரிலிக், காலியான சோடா பாட்டில் இவற்றால் செய்த மாதிரியை 1989-இல் லாராமி என்ற பொம்மை நிறுவனத்திடம் காட்டினார். 1990-இல் அது பவர் டிரெஞ்சர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பெயர் சூப்பர் சோக்கர் ஆனது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் கையில் அது சேர்ந்தது.

ஜான்சனின் கருத்து எளிமையானது. தள்ளும் வேலையையும் சுடும் வேலையையும் பிரித்துவிடு. கையால் மெதுவாகப் பலமுறை பம்பு அடித்துக் காற்றை இறுக்கி வை. விசைவில்லை இழுக்கும்போது அந்த இறுகிய காற்று தண்ணீரை ஒரேயடியாகத் தள்ளட்டும். வில்லை மெதுவாக வளைத்து அம்பை ஒரே நொடியில் விடுவது போன்றது இது. விரலின் வேகம் என்ற எல்லை அதோடு ஒழிந்தது.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. தண்ணீர் வெளியேற வெளியேறக் காற்று விரிந்து அழுத்தம் இறங்கும். 2 லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி காற்று. பம்பு அடித்து, வெளிக்காற்றைவிட 2 பார் அதிகமாக ஏற்றுகிறோம். உள்ளே மொத்தம் 3 பார். தண்ணீர் தீரும்போது காற்றின் கனஅளவு இரட்டிக்கும், பாயில் விதிப்படி மொத்த அழுத்தம் 1.5 பாராகும். வெளிக்காற்றின் 1 பாரைக் கழித்தால் மிச்சம் அரை பார். தொடக்கத்தில் இருந்ததில் கால்வாசி. தூரமும் கிட்டத்தட்ட அப்படியே இறங்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தண்ணீர் நிரப்பினால், கடைசியிலும் 1 பார் மிஞ்சும், பாதி தூரம் நிலைக்கும். நிறையத் தண்ணீர் இருந்தால் நிறைய நேரம் சுடலாம் என்று தளும்பத் தளும்ப நிரப்புவது தவறு. காற்றுக்கு இடம் விட்டால்தான் தாரை கடைசிவரை சோராது. 1996-இல் வந்த சி.பி.எஸ். 2000 என்ற சூப்பர் சோக்கர், காற்றுக்குப் பதில் ரப்பர்ப் பையைக் கொண்டு இதைத் தீர்த்தது. விரிந்த ரப்பர் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தோடு தண்ணீரைக் கடைசிவரை அழுத்திக்கொண்டே இருக்கும்.

செய்து பார்க்க

இனி ஒரு ஸ்குரூடிரைவரை எடுக்கலாம். கிரிவலப் பாதைக் கடையிலோ திருவிழாக் கடையிலோ கிடைக்கும், பம்பு அடித்துச் சுடும் வகைத் துப்பாக்கி ஒன்று போதும். மாற்றங்களை இந்த வரிசையில் செய்வது நல்லது.

முதலில் கசிவு. தண்ணீர் நிரப்பிப் பம்பு அடித்து, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் காற்று போகிறது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் பெரும்பாலும் நிற்கும். பம்பின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெயும் இஞ்சின் ஆயிலும் வேண்டாம், அவை ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

அடுத்து உள்வழி. தொட்டியிலிருந்து மூக்குவரை தண்ணீர் போகும் டியூபைப் பாருங்கள். அது மூக்குத் துளையைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு விட்டத்தோடு இருக்க வேண்டும். அப்போது உள்ளே தண்ணீரின் வேகம் மூக்கில் இருப்பதில் கால்வாசிதான். உராய்வு இழப்பு வேகத்தின் இருமடியைப் பின்பற்றும் என்பதால் அது பெரிதும் குறையும். மடிந்த டியூப், செங்குத்தாகத் திரும்பும் வளைவு, குறுகலான வால்வு எல்லாம் ஓஸ் பைப்பில் பார்த்த வழிச் செலவுகளே.

மூன்றாவது மூக்கு. கடைத் துப்பாக்கியின் துளையை முதலில் 1.5 மில்லிமீட்டராக்கிப் பாருங்கள், பிறகு 2. ஒரு கட்டத்துக்கு மேல் துளையைப் பெரிதாக்கினால் உள்வழி ஈடுகொடுக்காது, தூரம் குறையத் தொடங்கும். அந்தத் திருப்புமுனைதான் உங்கள் துப்பாக்கிக்குச் சரியான அளவு. துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் தாரையில் நெளிவு விழும். நெளிவு விழுந்தால் துளி சீக்கிரம் பிரியும். நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பை வழவழப்பாக்குங்கள். திடீரென்று குறுகும் துளையைவிடப் படிப்படியாகக் குறுகும் கூம்பு நல்லது. பால்பாயின்ட் பேனாவின் மூக்குப் பகுதியை அளவாக வெட்டினால் தேவையான கூம்பு கிடைக்கும்.

நான்காவது, தண்ணீரை அமைதிப்படுத்துவது. வளைவுகளைக் கடந்து வரும் தண்ணீர் சுழன்றுகொண்டே வரும். அந்தச் சுழற்சி மூக்கைத் தாண்டியதும் தாரையை விரித்துக் கலைக்கும். ஜூஸ் குடிக்கும் ஸ்டிராவைச் சிறு துண்டுகளாக வெட்டி, மூக்குக்குச் சற்று முன்னால் உள்ள அகலமான குழாயில் கட்டாக அடுக்குங்கள். சுழற்சி அடங்கி எல்லாத் தண்ணீரும் ஒரே திசையில் வரும். தண்ணீரைத் தூரமாகப் பீய்ச்சும் பெரிய குழாய்களிலும் நேராக்கித் தகடுகள் வைப்பது இதற்காகத்தான்.

கடைசியாகச் சாய்வு. 45 பாகை என்பது காற்றில்லாத கணக்கு. காற்றில் நெடுநேரம் பறந்தால் இழப்பு கூடும் என்பதால், உண்மையில் அதிகத் தூரம் 45-க்குக் கீழே, 30-க்கும் 40-க்கும் இடையில் கிடைக்கும். மொபைலில் உள்ள கோணமானியைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டி அளக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரே எண்ணிக்கையில் பம்பு அடித்து, ஒரே உயரத்தில் பிடித்து, காற்று அடங்கிய விடியற்காலையில், காய்ந்த சிமெண்டுத் தரையில் சுட்டு, ஈரம் அதிகமாகப் படிந்த இடத்தை டேப்பால் அளக்க வேண்டும். பல முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அறிவியலின் அடிப்படை ஒழுக்கம் இது. அதைப் பழக இதைவிட மகிழ்ச்சியான கருவி கிடைப்பது அரிது.

எங்கே நிறுத்த வேண்டும்

அழுத்தத்தைக் கூட்டுவதைப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. மறந்து விடவில்லை. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பாட்டிலில் 2 பார் ஏற்றினால், அதன் அடிப்பகுதியை மட்டும் 160 கிலோ எடையளவு விசை தள்ளிக்கொண்டிருக்கும். சைக்கிள் பம்பின் மானியில் இது 29 பி.எஸ்.ஐ. என்று காட்டும், சாதாரண எண்போலத் தோன்றும். இறுகிய தண்ணீர் கசிந்தால் அழுத்தம் உடனே இறங்கிவிடும். இறுகிய காற்று வெடித்தால் சேர்த்து வைத்த ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் வெளிவரும். தண்ணீர் போகும் பி.வி.சி. குழாயில் காற்றை அடைத்தால் அது உடையும்போது கூர்மையான சில்லுகளாகச் சிதறும். கம்ப்ரசரை எந்த விளையாட்டுத் துப்பாக்கியோடும் இணைக்கக் கூடாது. பொம்மையோடு வந்த பம்புக்கு மேல் எதுவும் வேண்டாம். பலமான தாரை கண்ணில் பட்டால் விழியின் உள்ளே இரத்தம் கசியும் அளவுக்குக் காயம் வரலாம். முகத்தைக் குறிவைப்பதில்லை என்பது விளையாட்டின் முதல் விதியாக இருக்கட்டும். வண்ணப்பொடியோ வேறு எந்த மருந்தோ கலக்காமல், நல்ல தண்ணீரை மட்டும் நிரப்புங்கள்.

தோப்பறையை நாடிய நீதிமன்றத்தின் முடிவை இயற்பியலும் ஆதரிக்கிறது. கூட்ட நெரிசலில் வேண்டியது மென்மையான, அருகில் விழும் தண்ணீர். அதைத் தரக் குறைந்த அழுத்தமும் அகலமான பையுமே சரியான வடிவமைப்பு. தூரம் வேண்டிய இடத்தில்கூட அழுத்தம் கடைசியில் தொட வேண்டிய விஷயம். கசிவை அடைத்து, வழியை அகலமாக்கி, மூக்கைத் திருத்தி, சுழற்சியை அடக்கினால், அதே அழுத்தத்தில் தண்ணீர் முன்பைவிட நெடுந்தூரம் போகும்.

பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பொம்மையைப் பிரித்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அளவுநாடாவையும் நோட்டையும் எடுத்துக் கொடுங்கள். கோடையில் தண்ணீர் அருமை, எனவே சுடும் திசையில் ஒரு மரக்கன்றோ செடியோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தொரிசெல்லியையும் ரேலேயையும் பாடப்புத்தகத்தில் சந்திப்பதற்கு முன், தன் கையாலேயே அவர்களைச் சந்தித்த பிள்ளைக்கு இயற்பியல் ஒருநாளும் பயமுறுத்தும் பாடமாக இருக்காது.